வேலூர் வெயிலும் சென்னைப் புழுக்கமும்

கேள்வி: வேலூரில் 40 டிகிரி வெயிலைத் தாங்கிய என் அம்மாவுக்கு, சென்னையில் 35 டிகிரியே மூச்சு முட்டுகிறது. ஏர் கூலர் போட்டும் உடம்பு பிசுபிசுக்கிறதே, ஏன்?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டுச்சொட்டாகத் தரையில் விழுந்தால், நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காற்றில் ஈரம் மிகுந்தால் இதுதான் நடக்கிறது. ஈரப்பதம் 30% இருக்கும்போது 35 டிகிரி, 35 போலவே இருக்கும். ஈரப்பதம் 65% ஆனால் அதுவே சுமார் 47 டிகிரியாக உறைக்கும். இதுவும் நிழலுக்கான கணக்குதான்; நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கியே காற்றைக் குளிர்விக்கிறது. வறண்ட மதியத்துக்கு அருமையான சாதனம். புழுக்க நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டால் அறைக்குள் ஈரத்தை ஏற்றிவிடும். பம்ப்பை அணைத்து விசிறியாக மட்டும் ஓடவிடுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்கட்டும். அம்மாவின் கை, கழுத்து, முதுகை அடிக்கடி தண்ணீரால் நனைத்துவிட்டு அந்தக் காற்றில் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஈரப்பதமானி இல்லாமல் புழுக்கத்தை அளக்க முடியுமா?
- வாசகர், கடலூர்

பதில்: முடியும். அறை வெப்பநிலை காட்டும் கண்ணாடி வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம்; ஏறிய அளவிலிருந்து அது தானாக இறங்காது. குமிழில் மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, அறையில் வைத்திருந்த தண்ணீரால் நனைத்து, மின்விசிறிக்கு நேரே பிடியுங்கள். இறங்குவது நின்றதும் அளவைப் பாருங்கள். துணி காய்ந்துவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். 35 டிகிரி, 65% ஈரப்பதத்தில் இது சுமார் 29 காட்டும். 30, 31-ஐத் தொட்டால், லேசான வேலை செய்யும் ஆரோக்கியமான இளைஞருக்கே உடல் சூடு விடாமல் ஏறத் தொடங்கும். முதியோருக்கு அதற்கும் முன்பே ஆபத்து.

கேள்வி: வேலையிடத்தில் ஒருவர் வெக்கையில் உளறினால் என்ன செய்வது?
- வாசகர், எண்ணூர்

பதில்: உளறல், தள்ளாட்டம், மயக்கம் இருந்தால் வெப்பத்தாக்கு என்றே வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வியர்க்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். உழைப்பவர்களுக்கு வியர்வை இருக்கும்போதே வெப்பத்தாக்கு வரும். நிழலுக்குக் கொண்டுபோய், மேல்துணியைக் கழற்றி, குளிர்ந்த நீரைக் குடம்குடமாக ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். புழுக்கத்தில் ஈரத்துணியால் துடைப்பது மட்டும் போதாது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் புகட்டாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.