முன்பள்ளிக்குக் 'குதூகலம்' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சிறிய முன்பள்ளி தொடங்குகிறேன். 'குதூகலம்' என்று பெயர் வைக்க ஆசை. பெயர் பார்த்துக் கொடுக்கும் ஒருவர், அதில் குத்தும் கலகமும் இருப்பதால் ஆகாது, அது தமிழே இல்லை என்கிறார். பணம் தந்தால் 'களியாட்டம்' என்று நல்ல தமிழில் மாற்றித் தருவாராம். என்ன செய்வது?

பதில்: தாராளமாக வையுங்கள். அவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

குதூகலம் வடமொழியின் 'குதூஹல'த்திலிருந்து வந்தது. மோஹம் மோகமானதுபோல ஹகரம் ககரமானது, அவ்வளவுதான். குத்துக்கும் கலகத்துக்கும் அங்கே இடமே இல்லை. வடமொழியில் அதன் பொருள் ஆவல், அறியத் துடிக்கும் மனம். சிங்களத்தில் 'குதுஹலய' இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. தமிழில்தான் அந்தத் துடிப்பு துள்ளலும் மகிழ்ச்சியுமாக மாறியது. மூன்று வயதுப் பிள்ளை குந்தியிருந்து தொட்டாற்சிணுங்கியை ஒரு விரலால் தொடும். இலை மடங்கியதும் கைகொட்டிச் சிரிக்கும். இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன. முன்பள்ளிக்கு இதைவிட என்ன பெயர் வேண்டும்?

சொல்லை வெட்டி ஒட்டிப் பயமுறுத்தும் இந்த வியாபாரம் கடைப் பலகையிலிருந்து பிள்ளையின் பெயர்வரை வந்துவிட்டது. ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்பவர் பழைய நூலில் அதன் ஆட்சியைக் காட்டவேண்டும், அயல்மொழிகளில் அதன் உறவைக் காட்டவேண்டும். இரண்டும் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதைப் புரட்டிப் பார்க்க எங்கள் பாடசாலைகள் பழக்குகின்றனவா? ஒத்தகருத்துச் சொற்களைப் பாடமாக்கிப் பரீட்சையில் கொட்டினால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

அவர் தருவதாகச் சொன்ன பெயரைப் பாருங்கள். 'களி' தமிழ்ச் சொல்தான். ஆனால் பழைய இலக்கியத்தில் அது கள்ளின் மயக்கத்தோடு ஒட்டிய சொல். 'களித்தொறும் கள்ளுண்டல் வேட்டற்றால்' என்கிறது 1145ஆம் குறள். அதற்காகக் களிப்பையே தள்ளிவைக்க வேண்டாம். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. கதகளியில் இருப்பது அதுதான். தேவாலயத்தில் 'களிகூருங்கள்' என்று வாசிக்கும்போது ஒருவரும் கள்ளை நினைப்பதில்லை. 'களிப்பு' என்று மட்டும் வைத்தாலும் குறை சொல்லமாட்டேன். 'ஆட்டம்' சேர்ந்ததும்தான் டிக்கெட்டும் களியாட்ட வரியும் நினைவுக்கு வருகின்றன. சின்னப் பிள்ளைகளின் வாசலில் அது வேண்டாம்.

பலகை எழுதுபவரிடம் பெயரைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: 'தூ' நெடில், கடைசியில் 'ல'. வாயால் சொன்னால் 'குதூகளம்' ஆகிவிடும். பலகையின் சிங்கள வரியில் மொழிபெயர்ப்பு வேண்டாம். ஒலியை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத்தைச் சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.