தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல ஆகிறதா? பேடை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து மாதம் இரண்டு முறை சேலம் போய்வருகிறேன். 2015 மாடல் பெட்ரோல் கார், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பாதி வழியில் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடை மாற்றச் சொல்கிறார்கள். அதுதான் கோளாறா? வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறி பேடைவிடப் பிரேக் ஆயிலைத்தான் காட்டுகிறது. பேட் அதிகமாகச் சூடேறினால் பெடல் இறங்காது. கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது, கருகிய வாடையும் வரும். சூட்டில் பெடல் மெத்தென்று ஆகி, ஆறியதும் பழையபடி வந்தால் ஆயில் கொதித்திருக்கிறது என்று பொருள்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் டேங்கின் மூடி வழியாகவும் ஈரம் வருடக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே போகும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 ஆயிலில் இது 230, 155. இறக்கம் முழுக்கப் பெடலில் கால் வைத்தே வந்தால் டிஸ்க்கின் சூடு பேட் வழியாக, பேடை அழுத்தும் கேலிபருக்குள் இறங்கி ஆயிலைக் கொதிக்க வைக்கும். திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும், ஆவிக் குமிழியோ அமுங்கிவிடும். உங்கள் மிதி அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால், மறுநாள் பட்டறையில் பார்ப்பவருக்குக் குறை தெரியாது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். மட்டம் குறையும்போது மேலே ஊற்றிக்கொண்டால் போதாது. பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்குவது இயல்புதான்.

ஆயில் வாங்கும் முன், வண்டி ஆறியிருக்கும்போது வேறு குறை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்தமாக 30 விநாடி மிதித்தபடி வையுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. நான்கு டயரின் உட்பக்கத்தையும் டிரம்மின் பின்தகட்டையும் பாருங்கள். வெளியே ஈரமே இல்லாமல் பெடல் மட்டும் இறங்கினால், மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போயிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஆறிய நிலையிலேயே முதல் மிதி ஆழமாகவும் இரண்டாவது மிதி மேலேயும் இருந்தால், பின் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது லைனில் காற்று இருக்கலாம். மிதிக்கு எஞ்சின் உதவியால் பலம் கூட்டும் பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சிறிது கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்து சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். பேடில் தேயும் பகுதி 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதைவிட முக்கியமாக, உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் கேலிபர் நகர்வதற்கான கைடு பின்னோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ இறுகியிருக்கிறது. பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும், ஆயில் சூடாவதற்கு அதுவே காரணமாகலாம். இதைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் கோளாறு திரும்பி வரும். கைடு பின்னைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இனி ஆயில் மாற்றுவது. ஆயில் டேங்கின் மூடியில் போட்டிருக்கும் டாட் எண் உள்ளதையே வாங்குங்கள். இரண்டு அரை லிட்டர், சீல் உடைக்காத டப்பா போதும். 'ஆயில்' என்று சொன்னாலும் இது எண்ணெய் வகையே இல்லை. எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ துளி கலந்தாலும் எல்லாச் சீலும் ஊதிப்போகும். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவதுதான் பிளீடிங். அதற்காக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் பிளீடிங் நிப்பிள்களுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவையுங்கள். பெரும்பாலும் 8 அல்லது 10 எண் ரிங் ஸ்பேனர் பொருந்தும். வாய் திறந்த ஸ்பேனர் முனையைத் தேய்த்துவிடும். டேங்கில் இருக்கும் கறுத்த ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். நம் வண்டிகளில் அது பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். உதவிக்கு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் மூன்று முறை நிதானமாக மிதித்துப் பெடலைப் பிடித்துக்கொள்ளட்டும். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயில் வந்ததும் மூடுங்கள். நீங்கள் 'விடு' என்று சொல்லும்வரை அவர் காலை எடுக்கக்கூடாது. முன்னதாக எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். நிறம் தெளிந்து குமிழி நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். டேங்க் ஒருபோதும் காலியாகக் கூடாது.

பிளீடிங் தொடங்கும் முன்பே பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பல வருடமாக அடிவரை போகாத பெடலை இன்று அடிவரை அழுத்தினால், மாஸ்டர் சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழியலாம். பழைய வண்டிகளில் பிளீடிங் செய்த பிறகு மாஸ்டர் சிலிண்டர் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

முடிந்ததும் 30 விநாடிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். காலித் தெருவில் 20 கி.மீ. வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். பெடல் அப்போதும் மெத்தென்றே இருந்தால் கணவாய்க்குப் போகாமல் பட்டறைக்குப் போங்கள்.

கணவாயில் இறங்கும்போது மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் லாரிகளின் வழக்கம் காருக்கும் வேண்டாம். நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பெடலை உரசிக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதைக்கும் இதுவே முறை.

மறுபடியும் நடுவழியில் பெடல் உள்ளே போனால், விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும், விரிசலும் விடும். அரை மணி நேரம் தானாகவே ஆறட்டும்.