லினக்ஸ் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

வாடிக்கையாளர் எழுதிக் கேட்டு எந்தக் கம்பெனியாவது லினக்ஸ் கொடுத்திருக்கிறதா? வீண் வேலைதானே?
– ஈரோடு வாசகர்

டெல் கொடுத்திருக்கிறது. 2007 பிப்ரவரியில் ‘ஐடியாஸ்டார்ம்’ என்ற ஆலோசனைத் தளத்தை அந்தக் கம்பெனி திறந்தது. யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் விற்க வேண்டும் என்ற கோரிக்கை சில நாட்களிலேயே உச்சிக்குப் போய்விட்டது. டெல்லின் முதல் தயக்கம், எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்த வகைத் தொகுப்பு) என்பதில் கேட்பவர்களே ஒத்துப்போகவில்லை என்பது. மார்ச்சில் ஒரு கருத்துக்கணிப்பு வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. மே 24 அன்று உபுண்டு 7.04 என்ற டிஸ்ட்ரோ போட்ட இரண்டு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் மூன்று மாதம்தான்.

அந்தக் கணிப்பில் கவனிக்க வேண்டியது வேறு. எந்த டிஸ்ட்ரோ என்பது எவ்வளவு முக்கியமோ, அதே அளவு ஹார்டுவேர் ஒழுங்காக வேலை செய்வதும் முக்கியம் என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். டெக்னிக்கல் உதவிக்கு ஏற்கெனவே இருக்கிற லினக்ஸ் பயனர் குழுக்களே போதும் என்றார்கள் பெரும்பாலோர். கம்பெனிக்குச் செலவு வைக்கிற போன் சப்போர்ட்டை விட்டுக்கொடுத்து, ஹார்டுவேரை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கேட்டு வாங்கினார்கள். பேரம் தெரிந்தவர்கள்.

என் லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது. ‘லினக்ஸ் சப்போர்ட் கொடுங்கள்’ என்று கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று மட்டும் பதில் வருகிறது.
– நாகர்கோவில் வாசகர்

அந்த வரிக்கு அதற்குமேல் பதில் வராது. அதைப் படிக்கிற ஆள் யாருக்கு அனுப்புவார்? வைஃபை பகுதிக்கா, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடி மெஷினை எழுப்பும் மென்பொருள்) பகுதிக்கா, விற்பனைக்கா? ஒரு இன்ஜினியர் மேஜையில் போய் உட்காருகிற மாதிரி எழுத வேண்டும்.

முதலில் சிப்பின் எண். ‘இன்டெல் வைஃபை’ என்று எழுதினால் போதாது. ஒரே மாடல் பெயரில் விற்கிற லேப்டாப்பிலேயே ஆறு மாதம் கழித்து வேறு கார்டு போட்டிருப்பார்கள். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையோடு, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் (ஹைபன்) ‘என்என்கே’ என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து அடியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் 8086:2723 என்பது போல ஒரு ஜோடி எண் வரும். முன்பாதி சிப் செய்தவர் (8086 என்றால் இன்டெல்), பின்பாதி அந்தச் சிப் (2723 என்றால் ஏஎக்ஸ்200). அதன் கீழேயே எந்த டிரைவர் ஓடுகிறது என்றும் இருக்கும். டிரைவர் வரியே இல்லை என்றால், உங்கள் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அந்தச் சிப்பைத் தெரியவில்லை என்று பொருள். அது வேறு புகார். யுஎஸ்பி வழியாக இணைந்த கேமரா, கைரேகைக் கருவிகளுக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி’.

அடுத்து கர்னல் பதிப்பு, பயாஸ் பதிப்பு, டிஸ்ட்ரோ பெயரும் எண்ணும். பயாஸ் பதிப்பை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, கோளாறு நடந்த நேரத்து லாக், அதாவது மெஷின் தானே எழுதிவைக்கும் குறிப்பு. அறுந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள முப்பது நாற்பது வரிகளை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். பத்தாயிரம் வரி அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். மெஷின் அப்படியே உறைந்து, பவர் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டியிருந்தால், அடுத்த முறை ஆன் செய்ததும், லாக்கைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையை முந்தைய முறை ஓடியபோது எழுதிய லாக்கைக் காட்டச் சொல்லலாம்: கட்டளைக்குப் பின் கோடு, ‘பி’, இடைவெளி, கழித்தல் 1.

நான்காவது, புதிய கர்னலில் சோதித்த முடிவு. இதைச் செய்யாமல் அனுப்பினால் வருகிற முதல் பதிலே ‘புதிய கர்னலில் பாருங்கள்’ என்பதாகத்தான் இருக்கும். டிஸ்கில் நிறுவ வேண்டாம். ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவின் புதிய லைவ் பதிப்பை (நிறுவாமலே ஓடுவது) 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, மெஷினை அதிலிருந்தே ஆன் செய்து (பூட் செய்து) அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும். அங்கே சரியாக ஓடினால் கோளாறு ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கிறது. கம்பெனியிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

கடைசியாக, கேட்பது ஒரே ஒரு காரியமாக இருக்கட்டும். ‘இந்தச் சிப்புக்கான ஃபர்ம்வேர் கோப்பை லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் சேர்க்கச் சொல்லி சிப் கம்பெனியைக் கேளுங்கள்’ என்பது காரியம் (ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஓடும் மென்பொருள்). ‘லினக்ஸைப் புறக்கணிக்காதீர்கள்’ என்பது மனக்குறை. தங்கள் தளத்தில் டவுன்லோடு செய்கிற தனி டிரைவர் தாருங்கள் என்றும் கேட்காதீர்கள். அடுத்த கர்னல் வந்ததும் அது அதற்கேற்பக் கட்ட முடியாமல் (கம்பைல் ஆகாமல்) நிற்கும். இந்தத் தலைவலிக்காகவே 2003ல் டெல்லின் லினக்ஸ் குழு டிகேஎம்எஸ் என்ற கருவியை உருவாக்கியது. கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி கட்டிக்கொடுக்கும். அதுவும் ஒட்டுப்போடும் வேலைதான். டிரைவர் கர்னலுக்குள்ளேயே போய்விட்டால் எந்த டிஸ்ட்ரோக்காரருக்கும் கவலையில்லை.

மூடி வைத்த லேப்டாப் காலையில் பேட்டரி காலியாகிக் கிடக்கிறது. பை வேறு சூடாக இருக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா?
– சென்னை, அம்பத்தூர் வாசகர்

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மூடிய லேப்டாப்பின் தூக்கத்தில் இரண்டு வகை. பழையது எஸ்3: ரேமுக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புதிய லேப்டாப்களில் வருவது எஸ்2ஐடில்: எதுவும் முழுசாக அணையாது, எல்லாப் பாகங்களும் குறைந்த மின்சார நிலைக்கு இறங்க வேண்டும். ஒரு எஸ்எஸ்டியோ யுஎஸ்பி கருவியோ இறங்க மறுத்தால் பிராசஸரும் ஆழமாகத் தூங்காது. பை சூடாவது அதனால்தான்.

‘/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்’ என்ற கோப்பைப் படித்துப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது இப்போது நடப்பில் உள்ள வகை. ‘டீப்’ என்ற சொல்லும் கூட இருந்தால் எஸ்3 உங்கள் மெஷினில் உண்டு. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் ‘கிரப்’ நிரலின் அமைப்பில் ‘மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்’ என்பதற்கு ‘டீப்’ என்று கொடுத்து, கிரப்பைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்தால் மாறிவிடும். மாற்றியதும் சேமிக்காத வேலை எதுவும் இல்லாதபோது நாலைந்து முறை மூடித் திறந்து பாருங்கள். கம்பெனி சோதிக்காத மெஷின்களில் தூங்கியது எழாமலே போவதும் உண்டு.

‘எஸ்2ஐடில்’ மட்டும் இருந்தால் கிரப்பில் என்ன எழுதினாலும் பயனில்லை. எஸ்3 இருக்கிறது என்று பயாஸ் சொன்னால்தான் கர்னல் அதைக் காட்டும். இந்த இடத்தில்தான் கம்பெனிக்கு எழுத வேண்டும், அளவெடுத்து. முழுக்க சார்ஜ் செய்து, ஒயரைக் கழற்றி, மூடி, சரியாக 8 மணி நேரம் கழித்துத் திறந்து பேட்டரி எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறியுங்கள். விண்டோஸும் அதே மெஷினில் இருந்தால் அதிலும் ஒருநாள். லினக்ஸில் 30, விண்டோஸில் 6 என்று வந்தால் மறுக்க முடியாத புகார். இரண்டிலும் 30 என்றால் பழி லினக்ஸ் மேல் இல்லை.

இப்படி எழுதிக் கிடைத்ததற்குச் சான்றும் இருக்கிறது. 2018ல் வந்த லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் எஸ்3 இல்லை. மெஷினில் என்னென்ன தூக்க வகை உண்டு என்று கர்னலுக்குச் சொல்ல பயாஸ் கொடுக்கும் ஏசிபிஐ அட்டவணையைப் பயனர்களே பிரித்து, திருத்தி, எஸ்3 ஓடுவதை நிரூபித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு லெனோவோ வெளியிட்ட பயாஸ் அப்டேட்டில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்ற தேர்வு வந்தது: ஒன்று ‘விண்டோஸ் 10’, மற்றது ‘லினக்ஸ்’.

பயாஸ் அப்டேட் விண்டோஸில் ஓடும் கோப்பாக மட்டுமே இருக்கிறது. இதற்காக விண்டோஸ் போட வேண்டுமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

முதலில் எல்விஎஃப்எஸ் என்ற பொதுக் கிடங்கில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிகள் தங்கள் ஃபர்ம்வேரை அங்கே ஏற்றிவைத்தால், ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்ற கருவி லினக்ஸுக்குள்ளிருந்தே எடுத்துப் போட்டுவிடும். டெல் ஆரம்பத்திலிருந்தே அதில் இருக்கிறது, லெனோவோ 2018ல் சேர்ந்தது. ஆனால் கம்பெனி சேர்ந்திருப்பதால் எல்லா மாடலும் இருக்காது. மலிவு மாடல்களை விட்டுவிடுவார்கள். உங்களுடையது இல்லையென்றால் கேட்க வேண்டியது ஒரு வரிதான்: இந்த மாடலின் பயாஸை எல்விஎஃப்எஸ்ஸில் ஏற்றுங்கள்.

அப்டேட் மறுத்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். சார்ஜர் செருகவில்லை, மெஷின் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் இல்லாமல் பழைய ‘லெகசி’ முறையில் பூட் ஆகிறது, பூட் கோப்புகள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனில் இடமில்லை. டெல்லில் இன்னொரு வழி: அந்த விண்டோஸ் கோப்பையே எஃப்ஏடி32 பென்டிரைவில் போட்டு, ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி ‘பயாஸ் ஃபிளாஷ் அப்டேட்’ தேர்ந்தெடுக்கலாம்.

உபுண்டு நிறுவும்போது ஹார்டு டிஸ்க்கே தெரியவில்லை. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது.
– தஞ்சாவூர் வாசகர்

பயாஸில் ஸ்டோரேஜ் ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருக்கும். அந்த நிலையில் எஸ்எஸ்டி இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். டிஸ்க்கை ஒளிக்காமல் காட்டும் ‘ஏஹெச்சிஐ’ முறைக்கு மாற்ற வேண்டும். நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

வரிசை இது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, அதைத் திறக்கும் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, ‘பூட்’ பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வந்து புதிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் நாலு இலக்கப் பின் ஏற்காமல் போகலாம், அக்கவுண்டின் முழுப் பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும்.

பயாஸில் அந்தத் தேர்வே இல்லையென்றால் அதுவும் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. 2016ல் லெனோவோ யோகா 900 லேப்டாப்பின் ஒரு வகையில் இப்படி அடைபட்டு, பெரிய கூச்சலுக்குப் பிறகு லினக்ஸுக்கென்றே தனி பயாஸ் வெளியிட்டார்கள்.

‘டாஸ்’ லேப்டாப் மலிவாக வருகிறது. அதில் லினக்ஸ் போட்டால் ஓடும் என்று கடைக்காரர் சொல்கிறாரே?
– மதுரை வாசகர்

ஓடலாம். ஆனால் ஃப்ரீடாஸ் (இலவச டாஸ்) போட்டு விற்பது விண்டோஸ் லைசென்ஸ் காசைக் குறைக்கத்தான், லினக்ஸில் சோதித்ததற்கு அடையாளம் அல்ல. உபுண்டு போட்டே விற்கிற மாடல் என்றால் கதை வேறு. கடையிலேயே லைவ் பென்டிரைவில் பூட் செய்து வைஃபை, சவுண்டு, கேமரா, மூடித் திறப்பது நான்கையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. அதற்கு அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.