டெஸ்டிங் வேலையும் பாதியில நிக்கிற மூணு கோர்ஸும்

வணக்கம் சார்,

14 வருஷமா மேனுவல் டெஸ்டிங்ல, அதாவது சாஃப்ட்வேரைக் கையாலயே ஓட்டிச் சோதிக்கற வேலைல இருக்கேன். இப்ப டீம்ல பாதிப் பேர் ஆட்டோமேஷனுக்குப் போயாச்சு, டெஸ்ட் கேஸ் எழுதறத ஏஐ டூல் பாத்துக்குது. நானும் சும்மா இல்ல, பைத்தான், டெஸ்டைத் தானா ஓட்டற செலினியம் டூல், ஏஐக்கு பிராம்ப்ட் எழுதறதுன்னு மூணு கோர்ஸ்ல சேர்ந்தேன், மூணும் பாதியில நிக்குது. முன்னெல்லாம் சாஃப்ட்வேர்ல ஒரு பக், அதாவது ஒரு தப்பு மாட்டினா அதோட வேரைப் பிடிக்கற வரைக்கும் சாப்பாடு கூட மறந்துடும். இப்ப காலைல லேப்டாப்பைத் திறக்கவே மனசு வரல. எனக்கு ஆர்வமே செத்துப்போச்சா, இல்ல மாறத் தெரியாத ஆளா ஆயிட்டேனா? பேர் போடாதீங்க சார்.

*

வணக்கம்.

ரெண்டு கேள்விக்குமே இல்லைங்கறதுதான் என் பதில். ஆர்வம் செத்தவர் பழைய பக்கைப் பத்தி அப்படி ஒரு வரி எழுத மாட்டார்ங்க.

வில்லியம் கான்னு ஒரு ஆராய்ச்சியாளர், மனுஷங்க எப்ப வேலைல முழுசா இறங்கறாங்க, எப்ப ஒதுங்கி நின்னு பேருக்குச் செய்யறாங்கன்னு பாக்க ஒரு கோடைக்கால முகாம்லயும் ஒரு ஆர்க்கிடெக்ட் நிறுவனத்துலயும் வேலை செஞ்சவங்களை வச்சு 1990ல ஒரு கட்டுரை எழுதினார். இப்ப எச்ஆர்ல எல்லாரும் எங்கேஜ்மென்ட்னு சொல்றாங்களே, அந்தப் பேச்சுக்கே அடித்தளம் போட்ட கட்டுரைகள்ல அது ஒண்ணு. அவர் சொல்றது, செய்யற வேலைக்கு அர்த்தம் இருக்குன்னு தோணணும், நான் நானா இருந்தா இங்க எனக்கு ஆபத்து வராதுன்னு தோணணும், அப்புறம் அதுல போடறதுக்கு உடம்புலயும் மனசுலயும் தெம்பு மிச்சம் இருக்கணும். உங்ககிட்ட முதல் விஷயம் அப்படியே இருக்கு. அடி வாங்கினது மத்த ரெண்டும்தான். வேலையை விட்டு அனுப்பற அடுத்த லிஸ்ட்ல நம்ம பேர் வருமோன்னு பகல் பூரா உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, ராத்திரி கோர்ஸ், அப்புறம் தெம்பு எங்கேர்ந்து வரும்? அதுவும் டெஸ்டிங்ல இது ரொம்பப் படுத்தும், ஏன்னா நல்ல டெஸ்டரோட வேலையே "இது எனக்குப் புரியல, இங்க இப்படிப் பண்ணினா என்ன ஆகும்"னு கூச்சமில்லாம கேக்கறதுதான், பயம் வந்துட்டா மொதல்ல வாய்ல அடங்கறது அந்தக் கேள்விதான். உங்களுக்கு சலிப்பு மாதிரி தெரியறது அதுதான்னு நான் நினைக்கறேன்.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், "மாறிக்கோ, மாறிக்கோ"ன்னு தொழிலாளி தலைல மட்டும் எல்லாத்தையும் ஏத்தறது எனக்குப் பிடிக்கவே இல்ல. நியூயார்க் டைம்ஸ்ல ஈயத்தை உருக்கி அச்சுக் கோக்கற லைனோடைப் மெஷினை 1978 ஜூலைல நிறுத்திட்டு கம்ப்யூட்டருக்கு மாறினாங்க. அங்க இருந்த அச்சுக்கோப்பாளர்கள் புது முறையைக் கத்துக்கிட்டாங்கதான், ஆனா அதுக்கு முன்னாடியே 1974ல யூனியன் பேசி, மெஷின் வந்தாலும் இப்ப இருக்கறவங்க வேலை ஆயுசுக்கும் போகாதுன்னு ஒப்பந்தம் வாங்கி வச்சிருந்தது. பின்னால அந்தத் தொழிலே இல்லாமப் போச்சு, அது வேற. ஆனா காலுக்குக் கீழ கொஞ்சம் தரை இருந்ததாலதான் அத்தனை வருஷ கைப்பழக்கத்தை விட்டுட்டு இன்னொண்ணைக் கத்துக்க முடிஞ்சதுன்னு நான் நம்பறேன். உங்களுக்கு அப்படி யாரும் எழுதிக் குடுக்கல, அப்ப தடுமாறினா அது உங்க குறை இல்லைங்க.

மாறத் தெரியாத ஆளான்னு கேட்டீங்க இல்ல, அதுக்கு வர்றேன். மார்க் சவிக்காஸ்னு ஒருத்தர் தொழில்ல மாறிக்கற திறமையைப் பத்தியே நிறைய வேலை பண்ணியிருக்கார், அதை நாலாப் பிரிப்பார்: வரப்போறதப் பத்தின அக்கறை, முடிவு என் கைல இருக்குங்கற பிடிப்பு, தேடிப் பாக்கற ஆர்வம், முடியும்ங்கற நம்பிக்கை. உங்க மூணு கோர்ஸும் முதலாவதுலேர்ந்து மட்டும் வந்தது. வரப்போறதை நினைச்சு பதறி எடுத்தது, யாரோ சொன்ன லிஸ்ட்லேர்ந்து எடுத்தது, அதுல உங்களோட கேள்வின்னு ஒண்ணுகூட இல்ல. அதான் பாதியில நிக்குது.

அதனால ரெண்டு கோர்ஸை இன்னைக்கே மூடிடுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். செலினியத்தை மட்டும் வச்சுக்கிட்டு, உங்க ப்ராஜெக்ட்ல ரிலீஸுக்கு ரிலீஸ் திரும்பத் திரும்ப வந்து உயிரை வாங்கின ஒரு பக் இருக்கும் பாருங்க, அதைப் பிடிக்கற ஒரே ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்க. பைத்தான்ல எது தேவையோ அது தானா உள்ள வரும், தேவைப்படாதது வெளியவே நிக்கட்டும். ஸ்கிரிப்ட் அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, ஓடினா போதும். அந்த ஏஐ டூலையும் எதிரியாப் பாக்காம, அது எழுதின டெஸ்ட் கேஸை ஒரு புது ஜூனியர் எழுதினதா நினைச்சு ரிவ்யூ பண்ணுங்க. சாஃப்ட்வேர் என்ன செய்யணும்னு ரெக்வயர்மென்ட்ல என்ன எழுதியிருக்கோ அதை அது நல்லாவே விரிச்சு எழுதும், ஆனா ரெக்வயர்மென்ட்லயே விட்டுப்போனது, யூசர் பேக் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா என்ன ஆகும், பேமென்ட் நடுவுல நெட் போயிட்டா பணம் ரெண்டு தடவை பிடிக்குமாங்கறதெல்லாம் அதுல இருக்கான்னு தேடிப் பாக்கணும், அந்தத் தேடற கண்ணு உங்களுக்கு 14 வருஷமாப் பழகினது. வெறும் மேனுவல் எக்ஸிக்யூஷன் மட்டும் இருக்கற வேலை குறைஞ்சுக்கிட்டேதான் போகும், அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன், ஆனா எழுதி வச்ச ஸ்டெப்ஸ் இல்லாம தானாத் தேடிச் சோதிக்கற எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங்கும் ரிஸ்க் எங்க இருக்குன்னு சொல்ற ஆளும் இன்னும் தேவைப்படறாங்க.

அப்புறம் மேனேஜர்கிட்ட நேராப் போய்க் கேளுங்க, எனக்கு அடுத்த ஆறு மாசத்துல என்ன வேலை இருக்கு, கத்துக்கறதுக்கு ஆபீஸ் நேரத்துல வாரம் கொஞ்ச நேரம் குடுப்பீங்களான்னு. ராத்திரியை மட்டும் நம்பி எதையும் கத்துக்காதீங்க, தூங்குங்க. அவர் பதில் மழுப்பலா இருந்தா அதுவே ஒரு பதில்தான், வெளிய தேட ஆரம்பிச்சுடுங்க, அப்பவும் அந்த ஒரு ஸ்கிரிப்ட் உதவும், ஏன்னா இன்டர்வியூல சர்டிஃபிகேட்டை ஒரு பார்வை பாத்துட்டு, இந்த பக்கை எப்படிப் பிடிச்சீங்கன்னுதான் நோண்டி நோண்டிக் கேப்பாங்க.