2015 சென்னை வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? அந்த நாட்கள் எப்படி இருந்தன?

வந்தது. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரத்தில் தரைத்தளத்தில் இருந்தோம். நானும் அம்மாவும்.

நாங்கள் செய்த தவறு ஒன்றுதான். நவம்பர் நடுவில் பெய்த மழையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. அதையே அளவாக வைத்துக்கொண்டு பத்திரம், ரேஷன் கார்டு, என் சான்றிதழ்கள், துணி எல்லாவற்றையும் கட்டில் மேல் அடுக்கிவிட்டு, போதும் என்று இருந்துவிட்டோம்.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மழை விடவே இல்லை. மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானதாகப் பிறகு தெரிந்தது. மதியமே மின்சாரம் போய்விட்டது. வாசல்படியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தண்ணீர் முதலில் வந்தது குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக. குபுகுபுவென்று கறுப்பாக வந்தது. அரை மணி நேரத்தில் ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதக்கத் தொடங்கியது. கட்டிலும் மிதந்தது, மேலே வைத்ததெல்லாம் சரிந்து உள்ளே போனது.

மாடியில் இருந்த பெரியவர் படிக்கட்டில் நின்று, “தம்பி, எதையும் எடுக்காதே, அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேல வா” என்று கத்தினார். அந்த இரண்டு அறை வீட்டில் அன்று இரவு ஐந்து குடும்பங்கள். அவர் மனைவி இருந்த அரிசி முழுவதையும் கஞ்சியாக வைத்து, குழந்தைகளுக்கு முதலில் ஊற்றினார். செல்போனில் சிக்னல் இல்லை. குடிக்க மொட்டைமாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீர்தான். மறுநாள் மாலை ஒரு ஃபைபர் படகு வந்தது. கடலோரக் குப்பத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் என்று பேசுவார்கள். விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மைதான். ஆனால் அந்த நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. ஆறு வரும் வழியில் நாங்கள் அதற்கு முன்னாலேயே இருக்கிறோம். எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த நீர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய ஏரியின் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் தெருவுக்கு மேலே எந்த ஏரி, அதன் கலங்கல், அதாவது நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் இடம், எங்கே, அந்த நீர் எந்தக் கால்வாயில் வரும் என்று விசாரித்து வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். கணுக்கால் அளவு சேறு, வாரிக்கொட்ட நாலு நாள் ஆனது. சம்ப்பை மூன்று முறை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். சுவரில் என் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார். அரசு தந்த 5,000 ரூபாய் அடுப்புக்கும் பாய்க்கும் போனது. சான்றிதழ்களுக்குச் சிறப்பு முகாம் நடத்தினார்கள், நகல் கிடைத்தது. அப்பா கையால் எழுதிய கணக்கு நோட்டுகள் கூழாகிப்போனவை போனவைதான்.

இப்போதும் அதே வீடுதான். ஐப்பசி பிறந்ததும் ஒரு பையில் பத்திரங்களைப் போட்டு மாடிக்குக் கொண்டுபோவேன். பெரியவர் இப்போது இல்லை. அவர் மனைவி அந்தப் பைக்காகப் பீரோவின் மேல்தட்டைக் காலி செய்து வைத்திருப்பார்.