ஆணை ஓராண்டு, கிரெடிட் ஃபைலில் ஆறாண்டு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை டி.ஆர்.ஓ. பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்த வாசகர்கள் மாவட்ட வருவாய் அலுவலரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கடன் நிவாரண ஆணை. சொத்தும் இல்லை, மாதக் கடைசியில் மிச்சமும் இல்லை என்பவரின் கடனை 12 மாதம் நிறுத்திவைத்து, அதன் பிறகு தள்ளுபடி செய்துவிடும். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

கேள்வி (ஹரோ வாசகி): எனக்கு டி.ஆர்.ஓ. கிடைத்தது 2023 மார்ச் 14. ஒரு வருசம் முடிஞ்சு எவ்வளவோ காலம். ஆனால் ஃபோன் கொன்ட்ராக்ட் கேட்டால்கூட இல்லை என்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தால் இரண்டு கிரெடிட் காட் இன்னும் நிலுவை என்றே கிடக்கு. முடிஞ்ச கடன் ஏன் இன்னும் தெரியுது?

பதில்: அம்மா, உங்கள் ஆணைக்கு மூன்று தேதிகள் உண்டு. மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் வருகிறது. முதலாவது 2024 மார்ச் 14. அன்று ஆணை முடிந்தது, அதில் எழுதிய கடன்களும் போயின. இரண்டாவது அதிலிருந்து மூன்று மாதம், 2024 ஜூன். அதுவரை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய அரசாங்கத்தின் இன்சால்வென்சி (கடன் கட்ட முடியாதோர்) பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்திருக்கும். மூன்றாவது 2029 மார்ச் 14. கிரெடிட் ஃபைலில் அந்த ஆணையின் பதிவு, கிடைத்த நாளிலிருந்து ஆறு வருடம் நிற்கும். அதை முன்கூட்டி எடுக்க வழியில்லை. காசு தந்தால் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு பென்னி கொடுக்காதீர்கள்.

ஆனால் உங்கள் இரண்டு காட் கணக்குகள் வேறு விசயம். அதைத் திருத்தலாம், திருத்தியே ஆகவேண்டும். ஆணைப் பதிவு ஒரு வரி. அதில் சேர்த்த ஒவ்வொரு கடனும் தனித்தனி வரி. அந்த வரிகளை எழுதுவது அரசாங்கம் இல்லை, கடன் தந்த கொம்பனிகள். ஆணை வந்ததும் அவர்கள் கணக்கை டிஃபோல்ட் (கட்டத் தவறிய கணக்கு) என்று குறிக்க வேண்டும், டிஃபோல்ட் தேதி ஆணைத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. 12 மாதம் முடிந்ததும் பேலன்ஸ் பூச்சியமாக வேண்டும். கணக்கு தீர்ந்தது அல்லது பகுதி தீர்ந்தது என்று மாற வேண்டும்.

நடப்பது என்ன? சில கொம்பனிகள் டிஃபோல்ட் போடாமல், மாதாமாதம் 'ஆறு மாத நிலுவை' என்றே ஓட்டிக்கொண்டு போகின்றன. டிஃபோல்ட் விழுந்தால் நல்லதில்லை என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். இந்த இடத்தில் அது தலைகீழ். டிஃபோல்ட் தேதி இருந்தால்தான் ஆறு வருடக் கணக்கே தொடங்கும். 2021 ஆகஸ்ட்டில் டிஃபோல்ட் விழுந்த கணக்கு 2027 ஆகஸ்ட்டில் தானாக மறையும், அதாவது உங்கள் ஆணைப் பதிவுக்கும் முன்னரே. தேதியே இல்லாத கணக்கு ஆணை மறைந்த பிறகும் அசையாமல் நிற்கும்.

செய்ய வேண்டியது: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற கிரெடிட் ஏஜென்சிகள் மூன்றிடமிருந்தும் சட்டப்படியான இலவச ரிப்போர்ட்டை எடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள். ஆணையில் இருந்த கடன்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிஃபோல்ட் தேதி, பேலன்ஸ், நிலை என்ற மூன்றையும் எழுதுங்கள். வசூல் கொம்பனிக்கு விற்கப்பட்ட கடன் இரண்டு இடத்தில் வரும். பழைய கொம்பனி போட்ட டிஃபோல்ட் தேதியே புதிய கொம்பனியின் வரியிலும் இருக்க வேண்டும். வாங்கிய நாளைப் புதுத் தேதியாகப் போட்டிருந்தால் அது பிழை.

பிறகு கடன் தந்த கொம்பனிக்கு எழுதுங்கள். கணக்கு இலக்கம், டி.ஆர்.ஓ. இலக்கம், ஆணைத் தேதி, நீங்கள் கேட்கும் திருத்தம் – நான்கு வரி போதும், கதை வேண்டாம். ஆணைக் கடிதத்தின் பிரதியை இணையுங்கள். கிரெடிட் ஏஜென்சிக்கும் அதே பிழையை முறையிடலாம், அவர்கள் 28 நாளுக்குள் பதில் தர வேண்டும். கொம்பனி எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால், நிதிக் கொம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். தரவுப் பிழை என்பதால் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கும் போகலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இன்னும் ஆணைக்குள் இருக்கும் வாசகர்களுக்கு: ஆணை முடிந்ததற்குச் சான்றிதழ் ஒன்று தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். முடிந்த பிறகு பதிவேட்டில் பெயர் இருக்கும் அந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். நாளைக்கு வீட்டு ஏஜென்டோ வங்கியோ கேட்டால் காட்ட அதுதான் காகிதம்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம் வாசகர்): 38,000 பவுண்ட்ஸ் கடன். வீடு இல்லை, பழைய டொயோட்டா ஒன்று இருக்கு. மனுசியிடம் தாலிக்கொடியோடு சேர்த்து 11 பவுண் நகை. நான் பிடிக்கிற சீட்டில் இன்னும் எடுக்கவில்லை. டி.ஆர்.ஓ.வுக்குப் போட முதல் நகையைத் தங்கச்சி வீட்டில் வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வைக்காதீர்கள். நகையை விட அப்படி மறைப்பதுதான் ஆபத்து. சொத்தை ஒளித்தது தெரிந்தால் ஆணை ரத்தாகி எல்லாக் கடனும் திரும்பி வரும். வழக்கும் வரலாம், கடன் வாங்குவது, டைரக்டராவது போன்றவற்றை 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்படுத்தும் உத்தரவும் வரலாம். கடந்த இரண்டு வருடத்தில் குறைந்த விலைக்கு விற்றது, சும்மா கொடுத்தது எல்லாவற்றையும் கேட்பார்கள்.

எல்லைகளைச் சொல்கிறோம். 2024 ஜூன் 28 முதல் கடன் மொத்தம் 50,000 பவுண்ட்ஸ் வரை இருக்கலாம். வாகனம் 4,000 வரை. மற்றச் சொத்துகள் எல்லாம் சேர்ந்து 2,000 வரை. அடிப்படைச் செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுண்ட்ஸுக்கு மேல் போகக்கூடாது. கடந்த ஆறு வருடத்தில் வேறு டி.ஆர்.ஓ. எடுத்திருக்கக்கூடாது. கட்டில், அடுப்பு, உடுப்பு, தொழிற்கருவி போன்றவை கணக்கில் வராது. நகை வரும்.

இங்கே பவுணையும் பவுண்ட்ஸையும் குழப்பாதீர்கள். ஒரு பவுண் 8 கிராம். இன்றைய தங்க விலையில் இரண்டு பவுண் சங்கிலியே 1,000 பவுண்ட்ஸைத் தாண்டும். கடையில் வாங்கிய விலையோ செய்கூலியோ பார்க்க மாட்டார்கள், இன்று விற்றால் கிடைக்கும் விலைதான். எனவே 11 பவுணும் உங்களுடையது என்றால் தகுதி போய்விடும். ஆனால் விண்ணப்பிப்பது நீங்கள், உங்கள் மனைவி இல்லை. சீதனமாகவோ தாலியாகவோ அவருக்கு வந்தது அவருடைய சொத்து. அதை ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லுங்கள். யாருக்கு, எப்போது, யார் கொடுத்தது என்று கேட்பார்கள், கல்யாணப் படம்கூட உதவும். மனைவியும் சேர்ந்து விண்ணப்பிப்பதென்றால் அது அவருடைய தனி விண்ணப்பம். அங்கே நகை எண்ணப்படும்.

சீட்டு விசயத்தில் பலர் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் காகிதமே இல்லை. எடுக்காத சீட்டில் நீங்கள் இதுவரை கட்டிய பணம் உங்களுக்கு வரவேண்டியது, அது சொத்து. எடுத்துவிட்டு மீதித் தவணை கட்ட இருந்தால் அது கடன், பட்டியலில் ஏற வேண்டும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் காணி, பிரிக்காத பரம்பரைக் காணியில் உங்கள் பங்கு இரண்டும் சொத்தே. சுன்னாகத்தில் இருப்பது லண்டனில் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள், படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்.

மச்சானிடம் கைமாற்றாக வாங்கிய 3,000ஐ முதலில் அடைத்துவிட்டுப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள். வங்கிக்குக் கொடுக்காமல் சொந்தத்துக்கு மட்டும் கொடுத்தால் அது சலுகை காட்டியதாகும், விண்ணப்பமே மறுக்கப்படலாம். மச்சானும் பட்டியலில் கடன் தந்தவர்களில் ஒருவர்தான். கஷ்டமான பேச்சு, ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னரே பேசிவிடுங்கள், ஏனென்றால் அவருக்கும் அறிவித்தல் போகும்.

இன்னொன்று: ஆணை வந்த பிறகு விடுபட்ட கடனைச் சேர்க்க முடியாது. ஆகவே மூன்று கிரெடிட் ரிப்போர்ட்டையும் விண்ணப்பத்துக்கு முன் எடுங்கள். 90 பவுண்ட்ஸ் கட்டணம் 2024 ஏப்ரல் 6 முதல் இல்லை. விண்ணப்பத்தை நீங்களே அனுப்ப முடியாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்ற கடன் ஆலோசனை அமைப்புகளில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட இடையாளர்தான் அனுப்புவார், இலவசமாக. எல்லை தாண்டிவிட்டால் பேங்க்ரப்ஸி (திவால்) என்ற வழி இருக்கிறது, அதற்கு 680 பவுண்ட்ஸ் கட்ட வேண்டும்.

கேள்வி (டூட்டிங் வாசகர்): எனது லோனுக்கு அண்ணா பிணை நின்றவர். நான் டி.ஆர்.ஓ. எடுத்தால் அவரை விடுவார்களா? எனது மனுசியின் கிரெடிட்டும் போய்விடுமா?

பதில்: அண்ணாவை விடமாட்டார்கள். ஆணை உங்களை மட்டும் காக்கும். பிணை நின்றவரிடமும், கூட்டுக் கடன் என்றால் மற்றவரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம். பாதி இல்லை, முழுவதும். அண்ணாவுக்கு முதல் கடிதம் கொம்பனியிடமிருந்து போகாமல், நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

மனைவியின் ஃபைல் கல்யாணத்தாலோ ஒரே முகவரியாலோ கெடாது. கூட்டு வங்கிக் கணக்கோ கூட்டு லோனோ இருந்தால்தான் இருவர் பெயரும் இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கை மூடிய பிறகு, இணைப்பை நீக்கச் சொல்லி மூன்று ஏஜென்சிக்கும் விண்ணப்பிக்கலாம்.

சிறு கேள்விகள்

*வாடகைப் பாக்கியை ஆணையில் போட்டால் வீடு தப்புமா?* பாக்கிப் பணத்தைக் கேட்க முடியாது, ஆனால் அந்தப் பாக்கியைக் காட்டி வீட்டை விடச் சொல்லி வழக்குப் போட முடியும். இந்த ஒரு விசயத்தில் ஆணை உங்களைக் காக்காது. வீடு போகும் நிலை என்றால், விண்ணப்பத்துக்கு முன் வீட்டுவசதி ஆலோசனையும் எடுங்கள்.

*எந்தக் கடன் போகாது?* மாணவர் கடன், நீதிமன்ற அபராதம், பிள்ளைப் பராமரிப்புப் பணம், சோஷல் ஃபண்ட் லோன். கவுன்சில் டக்ஸ் பழைய பாக்கியைச் சேர்க்கலாம், இனி வரும் பில்லைக் கட்ட வேண்டும். கொழும்பு வங்கிக் கடன் இங்கே நிறுத்திவைக்கப்பட்டாலும், அந்த வங்கி அங்கே உங்களைத் துரத்துவதை இந்த ஆணை தடுக்காது.

*ஆணைக் காலத்தில் 500 பவுண்ட்ஸுக்கு மேல் கடன் வாங்கக்கூடாதா?* வாங்கலாம். 500 அல்லது அதற்கு மேல் என்றால் டி.ஆர்.ஓ.வில் இருப்பதைக் கடன் தருபவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கினால் குற்றம். நீதிமன்ற அனுமதி இல்லாமல் கொம்பனி டைரக்டராகவும் முடியாது. மாமாவின் கடைக் கொம்பனியில் பெயருக்கு டைரக்டராக இருப்பவர்கள் கவனிக்கவும்.

*சம்பளம் கூடினால்?* ஆணையைக் கவனிக்கும் அரசு அதிகாரியான ஒஃபிஷியல் ரிசீவருக்கு உடனே அறிவியுங்கள். இழப்பீடு, மரபுரிமை, ஊரிலிருந்து வந்த காணிப் பணம் எல்லாம் இதில் அடங்கும்.

*வங்கிக் கணக்கு?* ஓவர்டிராஃப்ட் இருக்கும் வங்கியில் சம்பளம் விழ விடாதீர்கள். கடன் இல்லாத வேறு வங்கியில் ஒரு பேசிக் அக்கவுண்ட் திறந்து, சம்பளத்தையும் டைரக்ட் டெபிட்டுகளையும் மாற்றிய பிறகு விண்ணப்பியுங்கள்.

*ஆறு வருடம் முடிந்தால் மோர்ட்கேஜ் கிடைக்குமா?* ஃபைல் துப்புரவாகிவிடும். ஆனால் சில படிவங்கள் 'எப்போதாவது' என்று கேட்கும். ஆறு வருடம் போனாலும் அதற்கு ஆம் என்றே எழுத வேண்டும். ஆறு வருடத்துக்குள் என்றால் பெரிய வங்கிகளை மறந்துவிடுங்கள். இப்படியானவர்களுக்கென்றே கடன் தரும் சிறப்பு லெண்டர்கள் பெரிய டெபாசிட்டும் கூடிய வட்டியும் கேட்பார்கள்.

*பிரஜாவுரிமை இல்லை, கிரெடிட் ஃபைலை எப்படி நல்லதாக்குவது?* முதலில் வாக்காளர் பதிவு. பெயரையும் முகவரியையும் கிரெடிட் ஏஜென்சிகள் அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கொமன்வெல்த் பிரஜைகள். இங்கே இருக்க விசா அனுமதி உள்ளவர்கள் பிரிட்டிஷ் பிரஜையாகாமலே பதியலாம். இணையத்தில் பதியக் கட்டணம் இல்லை, கையில் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் இருக்கட்டும்.