வீட்டுக் கடனில் விமானம் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, பைலட் லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒருவர் தன் கையால் கட்டிய வான்ஸ் ஆர்வி-6 விமானத்தை 90,000 டாலருக்கு விற்கிறார். எஞ்சின் 1,100 மணி நேரம் ஓடியது. கடைசி நான்கு வருடத்தில் 20 மணி நேரம்கூடப் பறக்கவில்லை, அதனால் புதுசு மாதிரி இருக்கிறது என்கிறார். ஆறு மாதச் செலவுக்கான பணம் போக, கையில் 70,000 டாலர் இருக்கிறது. அதைத் தொடாமல் வீட்டின் மேல் 1,20,000 டாலர் ஹீலாக் கடன் எடுத்து, விமானத்தை வாங்கி, 30,000 டாலரில் காக்பிட்டில் டச் ஸ்கிரீன் பேனலும் போட நினைக்கிறேன். எச்1பி விசாவில் இருக்கும் நண்பர் பாதிப் பங்குக்கு வருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: ஆர்வி-6 நல்ல தேர்வு. கவலை எனக்கு உங்கள் கடன் திட்டத்தில்தான். அதைவிடப் பெரிய கவலை, "பறக்கவே இல்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வது.

ஆர்வி-6இல் பெரும்பாலும் லைகமிங் எஞ்சின்தான் இருக்கும். அதில் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் கீழே வடிந்துவிடும், ஈரக்காற்றில் கேம் துருப்பிடிக்கும். அப்புறம் ஓட்டத் தொடங்கியதும் அந்தத் துரு, கேமோடு உரசும் லிஃப்டர் என்ற உலோகத் துண்டை அரித்துத் தின்னும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், வாங்கிய கையோடு பேனலைப் புதுப்பித்தார். முதல் ஆயில் மாற்றத்தில் மெக்கானிக் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை மேஜையில் விரித்துக் காட்டினார். ஜிகினா தூவியதுபோல் மின்னியது. காந்தத்தை வைத்ததும் அந்த இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டது. பேனலுக்குக் கொடுத்த பணத்துக்கு மேல் எஞ்சினுக்குப் போயிற்று. இன்றைய விலையில் ஓவர்ஹாலுக்கு, அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீராக்க, 40,000 டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2,000 மணி நேரத்துக்கு ஒரு ஓவர்ஹால் என்று பார்த்தால், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 20 டாலர் எடுத்து வைக்கவேண்டும்.

ஹீலாக் வேண்டாம். வட்டி பெரும்பாலும் ஏறி இறங்கும். வீட்டைச் சீர்படுத்தச் செலவிட்டால் கிடைக்கும் வட்டிக் கழிவும் விமானத்துக்குக் கிடைக்காது. எஞ்சின் போனாலும் தவணை நிற்காது, ஈடாக நிற்பது நீங்கள் குடியிருக்கும் வீடு.

நண்பர் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அமெரிக்காவில் விமானத்தைத் தன் பெயரில் பதிவு செய்யத் தனிநபர் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்கவேண்டும். எச்1பியில் இருப்பவர் நேரடியாகப் பங்காளியாகச் சேர முடியாது. பெயர் சேர்க்காமல் அவர் பணத்தை வாங்கிக்கொள்வதும் சரியில்லை, நாளைக்கு அவர் கையில் ஒரு உரிமையும் இருக்காது. உங்கள் விமான நிலையத்திலேயே குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ ஒரு பங்காளியைத் தேடுங்கள். பாதி விலை 45,000. தனியாரிடம் வாங்கினாலும் கலிஃபோர்னியாவில் வாங்குபவரே கட்டும் பயன்பாட்டு வரி குறைந்தது 7.25 சதவீதம், உங்கள் பக்கம் அதற்கும் மேல். அதில் உங்கள் பாதியைச் சேர்த்தால் 50,000க்குள் முடியும். மீதி 20,000, ஒரு ஓவர்ஹாலில் உங்கள் பங்குக்குச் சரியாக இருக்கும். கடனே தேவையில்லை. ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், கவுண்டிக்கு வருடா வருடம் கட்டும் சொத்து வரி எல்லாம் பாதியாகும். ஆர்வி-6 பின்சக்கர விமானம், 6ஏ என்றால்தான் முன்சக்கரம். பின்சக்கர அனுபவம் குறைவாக இருந்தால் பிரீமியம் எகிறும், ஆகவே விலை பேசுவதற்கு முன்பே கொட்டேஷன் வாங்குங்கள்.

பேனல் காத்திருக்கட்டும். அதில் போடும் பணம் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. இது கையால் கட்டும் விமானங்கள் சேரும் எக்ஸ்பெரிமென்டல் வகை என்பதால், பணம் சேரச் சேர நீங்களே வேலை செய்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். விமானம் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவி மட்டும் இல்லையென்றால் உடனே போடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள வான்வெளியில் 2020 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். ஆண்டுப் பரிசோதனையை, விமானத்தைக் கட்டியவரே அதற்கென்று வாங்கிய ரிப்பேர்மேன் சான்றிதழை வைத்துச் செய்திருப்பார். அந்தச் சான்றிதழ் விமானத்தோடு கைமாறாது, நீங்கள் பெரும்பாலும் ஏ அண்ட் பி எனப்படும் உரிமம் பெற்ற விமான மெக்கானிக்குக்குப் பணம் கொடுக்கவேண்டியிருக்கும்.

உரிமையில் வில்லங்கம் இருக்கிறதா என்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள, அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அட்வான்ஸை எஸ்க்ரோவில், அதாவது வாங்கல் முடியும்வரை மூன்றாவது ஆளிடம், போடுங்கள். விற்பவரின் ஆளை விட்டுவிட்டு, ஆர்வி விமானங்களை நன்றாகத் தெரிந்த வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். உற்பத்தியாளர் என்ற இடத்தில் கட்டியவரின் பெயர்தான் இருக்கும், அதனால் ஒரு ஆர்வி-6 மாதிரி இன்னொன்று இருக்காது. கேமைப் பார்க்க ஒரு சிலிண்டரைக் கழற்றவேண்டும். விற்பவர் தயங்கினால், கழற்றி மாட்டும் செலவு என்னுடையது என்று சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்கவில்லையென்றால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்வி-6 இரண்டாயிரத்துக்கு மேல் கட்டிப் பறந்திருக்கிறது, வேறொன்று கிடைக்கும்.